யூரியா மிச்சம் கிடக்கு, வயலை விட்டா வேற எதுக்கும் உதவுமோ?

வவுனிக்குளத்தான்

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில ஒரு கதை தொடங்கி இப்ப ஆளாளுக்கு ஒண்டு சொல்லுகினம், அதுதான் தெரிஞ்ச ஆக்களிட்டக் கேப்பம் எண்டு இஞ்ச போடுறன். காலபோகத்துக்கு எடுத்த யூரியாவில ஒரு பாக் உடைக்காமலும் இன்னொண்டு அரைவாசியும் மிச்சம். கொட்டிலுக்க வச்சது, மாரி ஈரத்துக்கு அந்த அரைவாசிப் பாக் இறுகிக் கல்லாப் போச்சு. வயல் இப்ப குடலை, அங்கங்க கதிர் எட்டிப் பாக்குது.

அப்பா சொல்லுறார் வைக்கலுக்குத் தெளிச்சு மாட்டுக்குப் போடலாமாம், முந்தி ஆரோ ஓபீசர் வந்து காட்டினவராம். மச்சான் டிப்பர் ஓடுறவர், அவர் சொல்லுறார் தன்ர வாகனத்துக்கு நீல மூடி ராங்கில ஊத்திற திரவமும் யூரியாத் தண்ணிதானாம், கான் கானா வாங்கிக் காசு முடியுது உதைக் கரைச்சு ஊத்துவம் எண்டு நிக்கிறார். மனுசி பாமசியில வாங்கின கால்வெடிப்புக் கிறீமைக் காட்டுறா, அதிலயும் யூரியா 10% எண்டு கிடக்கு. அம்மாக்கு கிளினிக்கில இரத்தத்தில யூரியா கூட எண்டு சொன்னவை, அதால அவ அந்த பாக்கை வளவுக்க வைக்கவே வேண்டாம் எண்டு பிடிவாதம்.

உது எல்லாம் ஒரே சாமானோ? இல்லாட்டி பேர் மட்டும்தான் ஒண்டோ? மிச்சத்தை என்ன செய்யலாம்?

சும்மா ஒருத்தன்

கிடக்கிறதை எறிஞ்சு விடு மச்சான் வயலுக்கு, கதிர் வரேக்க குடுத்தா மணி நல்லாப் பால் பிடிக்கும். வச்சு என்ன செய்யப் போறாய்.

முத்தையன்கட்டு விவசாயி

மேல எழுதினவர் வயல் செய்யிறவரோ தெரியேல்ல, ஆனா தம்பி உதைக் கேட்டிட்டு இறங்கிப் போடாதைங்கோ. யூரியாவில 46 வீதம் நைதரசன், 50 கிலோ பாக்கில 23 கிலோ. கடைசிக் கட்டு யூரியா கதிர் உள்ளுக்க உருவாகிற நேரத்தோட முடிஞ்சிடவேணும். கதிர் வெளிய வந்தாப் பிறகு போட்டா மணிக்குப் போறது கொஞ்சம், மிச்சம் எல்லாம் இலைக்கும் தண்டுக்கும்தான். இலை கரும்பச்சையா வடிவா நிக்கும், ரோட்டால போறவன் பாத்துப் பெருமூச்சு விடுவான், ஆனா தண்டு பஞ்சு. தை மாசத்தில ஒரு காத்து மழை வந்தா அப்பிடியே சாய்ஞ்சு படுத்திடும், பிறகு மெசின்காரன் வந்து பாத்திட்டு வெட்டேலாது எண்டு போவான் இல்லாட்டி இரட்டிப்பாக் கேப்பான். அதோட அறக்கொட்டியான் பூச்சியும் எரிபந்த நோயும் கூப்பிடாமலே வரும், அதுகளுக்கு விருப்பம் நைதரசன் கூடின மெத்தென்ட பயிர்தான்.

மற்றது போடுற விதம். எங்கட சனம் கனபேர் முழங்கால் தண்ணியில யூரியாவை வீசிப்போட்டு வாய்க்காலைத் திறந்து விடுகினம், அது பக்கத்து வயல்காரனுக்குப் போட்ட பசளை. இன்னும் சிலர் ஈரம் காயாத மண்ணுக்கு மேல உச்சி வெயிலில எறிவினம். யூரியாவுக்குத் தானா மணம் இல்லை, கட்டியைக் கையில எடுத்து மணந்து பாருங்கோ ஒண்டும் வராது. ஆனா மண்ணில இருக்கிற நொதியம் அதை உடைச்சு ரெண்டு மூண்டு நாளில அமோனியாவாக்கும், அந்த நேரம் வரம்பில நிண்டா மூக்கில ஏறுமே ஒரு மணம், அது உங்கட காசுதான் ஆகாயத்துக்குப் போகுது. நெல்லுக்குப் போடுற நைதரசனில சாதாரணமா மூண்டில ஒண்டுதான் பயிருக்குச் சேருது எண்டு சொல்லுவினம், மிச்சம் காத்தோடயும் தண்ணியோடயும். தண்ணியை வடிச்சு மண் சேறா நிக்கேக்க பின்னேரம் போட்டு, வெளிய ஓடாமல் கடவானை (வரம்பில தண்ணி போற வாயை) கட்டி, பிறகு மெல்ல ஏத்துறதுதான் சரி.

இறுகினது பழுதாப் போகேல்ல. யூரியா காத்தில இருக்கிற ஈரத்தை இழுக்கிறது, அதால கட்டி பட்டிருக்கு, நைதரசன் அப்பிடியேதான் இருக்கு. உலக்கையால இடிச்சு அரிதட்டில அரிச்செடுங்கோ. கட்டியா எறிஞ்சா விழுந்த இடத்தில வட்டமாக் கருகும், சுத்திவர மட்டும் கரும்பச்சையா நிக்கும்.

பரந்தன் கராஜ்

அண்ணை நான் டிப்பருக்கு மட்டும் பதில் சொல்லுறன். மச்சானைக் கையில கால்ல விழுந்தாவது நிப்பாட்டுங்கோ!!

அந்தத் திரவத்தை அட்புளூ எண்டு சொல்லுறது. 32.5 வீதம் யூரியா, மிச்சம் அயன் நீக்கின (கரைஞ்ச உப்பெல்லாம் எடுத்த) தண்ணி, அவ்வளவுதான் உள்ள. சைலன்சர் பக்கம் சூடான புகைக்குள்ள அதைச் சீறி அடிக்கும், சூட்டில அது அமோனியாவா மாறி புகையில இருக்கிற நைதரசன் ஒட்சைட்டைப் பிடிச்சு சும்மா நைதரசனும் நீராவியும் ஆக்கிவிடும். டீசலோட கலக்கிறேல்ல, அதுக்குத் தனி ராங்கி. சாமான் ஒண்டுதானே எண்டு கேப்பினம், ஓம் யூரியா யூரியாதான், ஆனா வயலுக்கு வாறதில மணி உடையாமல் இருக்கப் பூசின மருந்து இருக்கு, பையூரெற் எண்டு ஒரு கழிவு இருக்கு, தூசி, உப்பு, இரும்பு எல்லாம் இருக்கு. கிணத்துத் தண்ணியில கரைச்சா எங்கட கிளிநொச்சித் தண்ணியில இருக்கிற கல்சியமும் சேரும். அது போய் இன்ஜெக்டர் நுனியில வெள்ளையா உறைஞ்சு அடைச்சுப்போடும், பிறகு உள்ள இருக்கிற கற்றலிஸ்ற் (புகையைச் சுத்தமாக்கிற பெட்டி) பழுதாப் போகும். கழட்டேக்க பாத்தா குழாய் முழுக்க வெள்ளைப் பாறை. ஒரு கான் காசை மிச்சம் பிடிக்கப் போய் அந்தப் பெட்டியை மாத்தினா லொறியை வித்தாலும் கட்டாது எண்டு வையுங்கோவன்.

2021 கடைசியில சீனா யூரியா ஏற்றுமதியை இறுக்கினவுடன தென்கொரியாவில லொறியெல்லாம் நிக்கப் பாத்தது, அங்க ஓடுற டீசல் லொறியில கனக்க உந்தத் திரவம் இல்லாட்டி ஸ்ராட்டே ஆகாது.

ஓய்வுபெற்ற ரீச்சர் (வவுனியா)

நல்ல கேள்வி தம்பி. நான் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிச்சனான், பிள்ளையள் ஒருத்தரும் உப்பிடிக் கேக்கேல்ல.

ஒரே மூலக்கூறுதான். வயலில போடுறதும் கிறீமில இருக்கிறதும் அம்மாவின்ர இரத்தத்தில அளந்ததும் ஒண்டு. வித்தியாசம் எவ்வளவு சுத்தம், எவ்வளவு செறிவு, எங்க இருந்து வந்தது எண்டதிலதான். முதல்ல இதைச் சிறுநீரில இருந்துதான் பிரிச்செடுத்தவை, 18ஆம் நூற்றாண்டில. உயிருள்ள உடம்புக்குள்ள மட்டும்தான் உப்பிடிச் சாமான் உண்டாகும் எண்டு நினைச்சுக்கொண்டிருந்த காலத்தில 1828 இல வோலர் எண்ட ஜெர்மன்காரர் உடம்பு கிடம்பு ஒண்டும் இல்லாமல் அமோனியம் சயனேற்றைச் சூடாக்கி அதையே எடுத்தார். இப்ப தொழிற்சாலையில அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் பெரிய அமுக்கத்தில சேத்துச் செய்யினம். அமோனியா செய்ய இயற்கை வாயு வேணும், அதாலதான் வாயு விலை ஏறினா முத்தையன்கட்டில யூரியா விலை ஏறுது. எங்கட நாட்டிலயும் சபுகஸ்கந்தவில ஒரு யூரியாத் தொழிற்சாலை 1980களில கொஞ்சக் காலம் ஓடி மூடினது, பிறகு எல்லாம் கப்பலில வாறதுதான்.

அம்மாட்டச் சொல்லுங்கோ, பாக் கொட்டிலுக்க இருக்கிறதால இரத்தத்தில யூரியா கூடுறேல்ல. சாப்பிடுற பருப்பு, மீன், முட்டை, இறைச்சியில இருக்கிற புரதம் உடையேக்க வாற அமோனியாவை ஈரல் யூரியாவா மாத்துது, சிறுநீரகம் அதை வெளிய தள்ளுது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு 20, 30 கிராம் வரை சிறுநீரோட விடுறார். கூட நிக்குது எண்டா சிறுநீரகம் வடிக்கிற வேலை குறைஞ்சிருக்கலாம், இல்லாட்டித் தண்ணி குடிக்கிறது காணாமலும் இருக்கலாம். கிறியற்றினினையும் (சிறுநீரகம் எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டுற இன்னொரு இரத்த அளவு) சேத்துப் பாத்துத்தான் டொக்டர் முடிவு சொல்லுவார். வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் கனக்க இருக்கிற இடம், அதால கிளினிக்கை மட்டும் விடவேண்டாம். பாக்கை எங்கயும் வைக்கட்டும்.

கிறீம் விசயம் உண்மைதான். யூரியா தோலுக்கத் தண்ணியைப் பிடிச்சு வைக்கும், 10 வீதம் எண்டா ஈரப்பதன், 20, 25 எண்டா குதிக்கால் வெடிப்புத் தடிச்ச தோலை இளக்கும், 40 வீதத்தில தடிச்ச நகத்தையே மெதுவாக்கும். அதுக்காக பாக்கில இருந்து ஒரு பிடி எடுத்துக் காலில தேய்க்க வேண்டாம், மனுசி கேக்கமாட்டா, ஆனா நீங்கள் செய்வியள்.

வீட்டுக்க சுத்திப் பாத்தா இன்னும் கிடக்கு. யூரியாவையும் போமல்டிகைட்டையும் சேத்துச் செய்யிற பசைதான் பிளைவூட், எம்டிஎப் பலகையளை ஒட்டுறது. புது அலுமாரியைத் திறக்கேக்க கண் கரிக்கிற ஒரு மணம் வருமே, அது அந்தப் பசையில மிஞ்சி நிண்ட போமல்டிகைட்டு. யூரியாவைச் சூடாக்கி மெலமீன் எடுக்கினம், கலியாண வீட்டில சோறு போடுற உடையாத கோப்பை அதில செய்தது. 2008 இல சீனாவில பாலில தண்ணி கலந்துபோட்டு அந்த மெலமீனைத்தான் சேத்தவங்கள், ஏனெண்டா பாலில புரதம் பாக்கிற சோதனை உண்மையில நைதரசனைத்தான் எண்ணுறது. குழந்தையளுக்குச் சிறுநீரகத்தில கல்லுப் பட்டது. துணியில சாயம் அச்சடிக்கிற ஆக்களும் சாயக் கூழுக்க யூரியா போடுவினம், ஈரம் காயாமல் சாயம் நூலில ஏறுறதுக்கு.

இன்னொண்டு, இது உங்களுக்குத் தெரிஞ்ச மணம். முல்லைத்தீவில சுறா வாங்கினா கொஞ்சம் பழசெண்டால் மூத்திர மணம் அடிக்குமே, சுறா கடல் உப்பைச் சமாளிக்க உடம்பு முழுக்க யூரியாவை வச்சிருக்கிறது, செத்தாப் பிறகு பக்ரீரியா அதை அமோனியாவாக்குது. வயலில நடக்கிற அதே வேலைதான் வறைச்சட்டிக்குப் போக முதல் மீனில நடக்குது.

வவுனிக்குளத்தான்

ரீச்சர் நன்றி, அம்மாக்கு வாசிச்சுக் காட்டினான். சுறாக் கதையைக் கேட்டிட்டு மனுசி இனிச் சுறாவே வேண்டாம் எண்டுறா, அதுக்கு நீங்கள்தான் பொறுப்பு :)

வைக்கல் விசயம் தெரிஞ்ச ஆக்கள் இருக்கிறியளோ? அப்பா விடுறார் இல்லை.

மாட்டுக்காரன்

அப்பா சொல்லுறது சரி அண்ணை, ஆனா இதில கவனம் பிசகினா மாடு போயிடும், அதால கொஞ்சம் நீட்டி எழுதுறன்.

மாட்டின்ர முதல் இரைப்பையில இருக்கிற பக்ரீரியா யூரியாவில இருந்து வாற அமோனியாவை எடுத்துத் தன்ர உடம்பாக்கும், மாடு பிறகு அந்தப் பக்ரீரியாவைச் சீரணிச்சுப் புரதம் எடுக்கும். அதால அசைபோடுற மாடு, எருமை, ஆட்டுக்கு மட்டும்தான் இது, கோழி பண்டிக்குப் பிரயோசனம் இல்லை. சும்மா வைக்கலில புரதம் 4 வீதம் மட்டில, பதப்படுத்தினா 7, 8க்கு வரும், நாரும் இளகும், கூடத் தின்னும். 100 கிலோ காய்ஞ்ச வைக்கலுக்கு 4 கிலோ யூரியா, தண்ணி 50, 60 லீற்றர். அளவைக் கண்ணால பாக்காதைங்கோ, தராசில நிறுங்கோ. யூரியாவை வாளியில ஒரு மணி இல்லாமல் கரைக்கவேணும், கரைக்கேக்க வாளி வெளிப்பக்கம் குளிர்ந்து வேர்க்கும், கையை விட்டா ஐஸ் தண்ணி. அது பயப்பிடுற விசயம் இல்லை, யூரியா கரையேக்க சூட்டை இழுக்கிறது. உண்மையான யூரியாவோ எண்டு பாக்கவும் அது ஒரு வழி, கலப்படம் எண்டா அந்தக் குளிர் குறையலாம், அடியில மண்டியும் நிக்கலாம்.

பொலித்தீனை விரிச்சு வைக்கலை ஒரு அடுக்குப் போட்டு பூவாளியால ஒரு சீராத் தெளிச்சு மிதிச்சு, பிறகு அடுத்த அடுக்கு. முடிய மேலயும் பொலித்தீனால மூடி ஓரம் எல்லாம் மண் போட்டு இறுக்குங்கோ, காத்துப் போகக்கூடாது. ரெண்டு மூண்டு கிழமை. திறக்கேக்க முகத்தைக் குடுக்காதைங்கோ, கண் எரியும். வைக்கல் மண்ணிறமா மெதுவா வந்திருக்கும், பூஞ்சணம் பிடிச்ச பகுதியை எறிஞ்சிடுங்கோ. வேண்டிய அளவை எடுத்து ஒரு இரவு காத்தாட விரிச்சு, காலமை பழைய வைக்கலோட கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து பழக்குங்கோ. ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச கண்டுக்கும், பட்டினியாக் கிடந்த மாட்டுக்கும் போடவே கூடாது.

இப்ப முக்கியமானது. கரைச்ச தண்ணி மிச்சத்தை வாளியோட வளவுக்க வைக்க வேண்டாம், வெத்து பாக்கையும் மாடு நக்கிற இடத்தில போட வேண்டாம். எங்கட ஊரில ஒரு வீட்டில கண்டு ஈண்டு கொஞ்ச நாளான பசு, வெயிலுக்க வந்து யூரியா கரைச்ச வாளியைக் குடிச்சிட்டுது. ஒரு மணித்தியாலம் செல்லேல்ல, நடுங்கி, வாயில நுரை தள்ளி, வயிறு ஊதி விழுந்தது. அப்பிடி நடந்தா முதல் மிருக வைத்தியருக்கு அடியுங்கோ, அவர் வாறதுக்குள்ள வினாகிரி ரெண்டு மூண்டு லீற்றரை நல்ல குளிர் தண்ணியோட மெல்லப் பருக்கலாம், புளிப்பும் குளிரும் வயித்துக்க அமோனியா வெளிக்கிடுறதைத் தாமதிக்கும். விழுந்து கிடக்கிற மாட்டின்ர வாயில ஊத்தாதைங்கோ, சுவாசத்துக்குப் போயிடும்.

ஒட்டுசுட்டான் அப்பு

பிள்ளையள் எழுதிறதை எல்லாம் வாசிச்சன். ஒரு பாக் மிச்சம் எண்டு கேள்வி கேக்கிற காலமும் வந்திட்டுது, அதைச் சொல்லத்தான் வந்தனான். தொண்ணூறுகளில யுத்த நேரம் அரசாங்கம் வன்னிக்குத் தடைசெய்த சாமானுக்க பெற்றோல், பற்றரியோட யூரியாவும் ஒண்டு. அப்ப வயல் செய்யாமல் விட்டமோ? காவிளாய், பூவரசங்குழை வெட்டித் தாட்டம், தரையில மாட்டுப்பட்டி அடைச்சம். பட்டி அடைக்கிறதே சாணத்துக்கு மட்டும் இல்லை, மூத்திரத்துக்கும்தான். ரீச்சர் சொன்ன அதே சாமான் நேர வயலில விழுகுது. விளைச்சல் குறைவுதான், பொய் சொல்லேல்ல.

பிறகு ஒரு காலம் 50 கிலோ பாக் 350 ரூவாய்க்குத் தந்தவை, அப்பதான் சனம் அள்ளி வீசப் பழகினது. 2021 மே மாசம் ஒரே இரவில இரசாயனப் பசளை வேண்டாம் எண்டு வர்த்தமானி அடிச்சு, நவம்பரில திரும்ப விட்டவை. அதுக்கிடையில பயிர் மஞ்சளாப் போன சனத்தைக் கேளுங்கோ. அடுத்த வருசம் ஒரு பாக்குக்கு 40000 வரை கேட்டவங்கள். சேதனப் பசளை கூடாது எண்டு நான் சொல்லேல்ல, படிப்படியாச் செய்திருக்கவேணும்.

முத்தையன்கட்டு விவசாயி

அப்பு, குழையும் பட்டியும் நல்லதுதான், ஆனா இப்ப பட்டி மாடு எங்க இருக்கு, மேய்ச்சல் தரையெல்லாம் வேலி அடைச்சாச்சு. நைதரசன் எங்கயாவது இருந்து வரத்தான் வேணும். பசளையைத் தடைசெய்த அந்த நேரம் நனோப் போத்தல் (இலைக்கு அடிக்கிற யூரியாத் திரவம்) எண்டு தந்தவங்கள், ஒரு போத்தல் ஒரு பாக்குக்குச் சமனாம்.

ஓய்வுபெற்ற ரீச்சர் (வவுனியா)

அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாக்கலாம். அப்ப வந்த நனோ யூரியாப் போத்தல் 500 மில்லி, நைதரசன் 4 வீதம். போத்தலுக்க இருந்தது 20 கிராம், பாக்கில 23 கிலோ.

முத்தையன்கட்டு விவசாயி

அதைத்தான் நானும் சொல்ல வந்தனான் ரீச்சர் 😀

தம்பி உங்கட மிச்சத்துக்கு வாறன். உடைக்காத பாக்கைச் சிறுபோகத்துக்கு வையுங்கோ, நிலத்தில வைக்காமல் பலகைக்கு மேல, சுவரில முட்டாமல், உள் பொலித்தீனை முறுக்கிக் கட்டி. ரிஎஸ்பியோட (பொஸ்பரசுப் பசளை) முன்கூட்டியே கலந்து வைக்க வேண்டாம், ரெண்டும் சேந்தா ஈரம் விட்டுக் களியாப் போகும், கலக்கிறதெண்டா போடுற அண்டைக்குத்தான். இறுகின அரைப் பாக்கில அப்பாவுக்கு வைக்கலுக்கு எடுத்தது போக மிச்சம் இருந்தா, அறுவடை முடிஞ்சு வைக்கல் குவிச்சு உக்க விடேக்க இடையிடை தூவித் தண்ணி தெளியுங்கோ, வைக்கலில காபன் கூட நைதரசன் குறைவு, அதால யூரியா போட்டா கெதியா உக்கும். வளவில மிளகாய், கத்தரி நிண்டா 16 லீற்றர் ராங்கிக்கு 160 கிராம் கரைச்சுப் பின்னேரத்தில இலைக்கு அடிக்கலாம், அதுக்கு மேல போனா இலை நுனி கருகும். உச்சி வெயிலில வேண்டாம்.

வவுனிக்குளத்தான்

எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்பா இப்பவே தராசு தேடுறார். ஆனா ஒரு பிரச்சினை, மச்சானுக்குக் கோல் எடுத்தன், ஆள் நேற்றுப் பின்னேரமே ஒரு வாளி கரைச்சு ஊத்திப்போட்டாராம். இன்னும் ஸ்ராட் பண்ணேல்ல, காலமை லோட் ஒண்டு இருக்காம். பரந்தன் அண்ணை என்ன செய்யிறது??

பரந்தன் கராஜ்

ஸ்ராட் பண்ணேல்லையோ, அப்ப கெட்டித்தனம். சாவியைப் போடவே வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, சாவியைத் திறந்தாலே சில வண்டியளில பம்ப் இழுக்கத் தொடங்கிடும். பற்றரி வயரைக் கழட்டி விடட்டும். நீல மூடி ராங்கிக்கு அடியில தண்ணி வடிக்கிற திருகு இருக்கும், இல்லாட்டி ராங்கியைக் கழட்டிக் கவிழ்க்கவேணும், முழுக்க வடிச்சிட்டு அயன் நீக்கின தண்ணியால ரெண்டு மூண்டு தரம் அலசவேணும். பற்றரிக்கு ஊத்திற தண்ணி கடையில இருக்கும், அதில முத்திரை உடையாத போத்தல் பாத்து எடுக்கட்டும், குழாய்த் தண்ணி கிணத்துத் தண்ணி வேண்டவே வேண்டாம். ராங்கிக்க இருக்கிற பில்ரரையும் பாக்கோணும். வடிச்ச தண்ணியை மாடு குடிக்காத இடத்தில ஊத்துங்கோ, வாழைக்கு அடியில எண்டா இன்னும் தண்ணி கலந்து ஊத்தலாம்.

புதுக் கான் வாங்கேக்க ஐஎஸ்ஓ 22241 எண்டு அடிச்சிருக்கோ எண்டு பாக்கச் சொல்லுங்கோ, திகதியும் பாக்கோணும். கடை வாசலில வெயிலுக்க அடுக்கி வச்ச கானை எடுக்க வேண்டாம், சூட்டில அது உள்ளேயே உடைஞ்சு அமோனியா விடும். காலமை லோட்டை வேற ஆருக்கும் குடுக்கட்டும். ராங்கி கழட்டத் தெரியாட்டி எனக்கு உள்பெட்டியில எழுதுங்கோ, நான் ஏழு மணிக்குப் பிறகு கராஜில நிப்பன்.